ஏழாம் நம்பர் பெட்டி

இது எனக்கு நடந்தது. பாளையங்கோட்டையில், கண் கூசும் வெயிலில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் 12:05 மணிக்குத் தொடங்கி 12:39 மணிக்கு முடிந்தது. பேய் என்றால் ராத்திரியும் புளியமரமும் வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நம்பாதவர்களோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. என் சண்டை வேறு ஆட்களோடு.

பயந்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயம் ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. ஆத்திரம்தான் இன்னும் தெளியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சங்கரி. மின்னணுப் பெட்டிகள் செய்து கொடுப்பது என் தொழில். பெட்டிக்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வைஃபை சிப் இருக்கும். அதோடு ஒரு சென்சார். சென்சார் அளப்பதைச் சிப் படித்து, வைஃபை வழியாக என்னுடைய வலைத்தளத்துக்கு அனுப்பும். முப்பது விநாடிக்கு ஒரு வரி. அந்த வரியில் பெட்டியின் எண், நேரம், அளவு, சிக்னலின் பலம் எல்லாம் இருக்கும். வாடிக்கையாளர் எங்கே இருந்தாலும் செல்போனில் பார்த்துக்கொள்ளலாம். கோழிப்பண்ணையின் சூடு, கிணற்றின் நீர்மட்டம், குளிர்பதனக் கிடங்கு என்று சுற்றுவட்டாரத்தில் இருபது இடங்களில் என் பெட்டிகள் ஓடுகின்றன.

ஏழாம் நம்பர் பெட்டி ஓர் அரிசி மில்லுக்குச் செய்தது. சீவலப்பேரி போகும் சாலையில் இருக்கிறது. மில்லின் பெயரை எழுத வேண்டாம் என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். முதலாளி தில்லைநாயகம். மேனேஜர் கணேஷ்ராம்.

புழுங்கலரிசிக்கு நெல்லை ஊறவைத்த தண்ணீர் எல்லாம் அங்கே ஒரு தொட்டியில் போய்ச் சேரும். பன்னிரண்டு அடி ஆழம், மேலே கான்கிரீட் மூடி. அடியில் சகதி சேர்ந்து அழுகும். அழுகினால் வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம். கொஞ்சம் இருந்தால் தலைவலி, கூடினால் மயக்கம், இன்னும் கூடினால் ஆள் திரும்ப மாட்டான். அந்தத் தொட்டியில்தான் மாதம் இரண்டு முறை ஓர் ஆள் கயிற்றில் இறங்கி அடைப்பு எடுப்பான். அவன் பெயர் பெருமாள்ராஜ். சீவலப்பேரிக்காரன். இருபத்தொன்பது வயது.

வாயுவை அளக்க ஒரு சென்சார், அளவு மீறினால் அலற ஒரு சைரன், உள்ளே மாட்டிக்கொண்டால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான். இவ்வளவுதான் ஏழாம் நம்பர் பெட்டி. கைக்குள் அடங்கும். மின்கலத்தில் ஓடும். நான் அதை மாட்டிய அன்று பெருமாள்ராஜ்தான் பக்கத்தில் நின்றான்.

"இத அழுத்துனா யாருக்கு மேடம் கேக்கும்?"

"மில்லு முழுக்கக் கேக்கும்."

ஒரு முறை அழுத்திப் பார்த்தான். சைரன் அலறியதில் நெல் கிட்டங்கிக் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பின. காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ரொம்ப சந்தோஷப்பட்டான்.

ஒரு மாதம் கழித்துக் கணேஷ்ராம் என் பட்டறைக்கு வந்தார். பெட்டி ஒரு நாளைக்கு நான்கு முறை அலறுகிறதாம். அலறும்போதெல்லாம் தொட்டிப் பக்கம் வேலை நிற்கிறதாம். முதலாளி ஏசுகிறாராம்.

"வலைத்தளத்துல சைரன நிறுத்துத மாதிரி ஒரு சுவிட்ச் போட்டுத் தாங்க மேடம். டெஸ்ட் பண்ணும்போது மட்டும் நிறுத்திக்கிடுதோம்."

போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. 'சைரன்: இயக்கம்' என்று பச்சையில் இருக்கும். தொட்டால் 'சைரன்: நிறுத்தம்' என்று சிவப்பாகும். அந்தச் சுவிட்சை எழுதியது இந்தக் கைதான். யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால், வரிசையில் முதலில் நான் நிற்கிறேன்.

மூன்றாம் நாள் காலை 9:14 மணிக்குச் சைரன் நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர் கணேஷ்ராம். வலைத்தளத்தின் பதிவேட்டில் பார்த்தேன். போன் செய்தேன். டெஸ்ட் நடக்கிறது என்றார். மறுநாளும் நிறுத்தம். அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள் நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த வாரம், வியாழக்கிழமை மதியம் 12:22 மணிக்கு ஏழாம் நம்பர் பெட்டியிலிருந்து வரிகள் வருவது நின்றது. மில்லில் நெட் போயிருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் நாலரைக்குத்தான் செய்தி வந்தது. பெருமாள்ராஜ் தொட்டிக்குள் இறந்துவிட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே அவன் மனைவி முத்துராணி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மில்காரர்கள் போலீஸில் சொன்னது இது. அவன் குடித்திருந்தானாம். யாரிடமும் சொல்லாமல் தானாக இறங்கினானாம். இறங்கிய நிமிடமே உயிர் போய்விட்டதாம், யாராலும் காப்பாற்றியிருக்க முடியாதாம். பெட்டியை அவன் எடுத்துப் போகவே இல்லையாம். அது பழுதாகிக் கிடந்ததால் 12:22-க்கு அணைத்துப் போட்டார்களாம். இப்போது எங்கே என்று தெரியவில்லையாம்.

நான் பதிவேட்டைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். சைரனை நிறுத்தியது யார் என்று காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். ஒரே கேள்வி கேட்டார். பெட்டியை அவன் உள்ளே கொண்டுபோனான் என்பதற்கு என்ன சாட்சி?

சாட்சி பெட்டிக்குள் இருந்தது. அதுதான் கொடுமை. தொட்டி முழுக்கக் கான்கிரீட். உள்ளே போனால் வைஃபை கிடைக்காது. கிடைக்காவிட்டால் பெட்டி அளப்பதை நிறுத்தாது. எல்லாவற்றையும் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். மறுபடி சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். பெட்டி கிடைத்தால் 12:22-க்குப் பிறகு என்ன நடந்தது என்று வரி வரியாகத் தெரிந்துவிடும்.

பெட்டி கிடைத்தால் கொண்டு வாருங்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

மில்லுக்கே போனேன். தில்லைநாயகம் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். காபி சொன்னார். பெட்டியைக் கேட்டேன். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"மெஷின் பழுதுன்னு நாங்க எழுதிக் குடுத்தா ஒங்க பேருதாம்மா கெடும். ஒங்களுக்கும் தொழில் நடக்கணும்லா? பைய யோசிங்க."

காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை வந்தது. ஆற்றங்கரையில் பெருமாள்ராஜுக்குக் காரியம். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எந்த முகத்தோடு போவது? பட்டறையில் உட்கார்ந்து வேறு யாருக்கோ ஒரு பெட்டிக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.

என் பட்டறை ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறை. தெருவிலிருந்து வாசல் கேட். கேட்டுக்குள் வந்தால் பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு. பதினான்கு படி. கீழே வீட்டுக்காரர் காஜா முகைதீன் குடும்பம். அன்று வீட்டில் பெண்கள் ஏரலுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர் 12:00 மணிக்குக் கேட்டைப் பூட்டிக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குப் போனார். என்னிடம் ஒரு சாவி உண்டு. அந்த நேரத்தில் வீட்டில் நான் மட்டும்தான்.

12:05 மணி.

கணினியில் 'டிங்' என்று ஒரு சத்தம். புது வரி ஏதாவது வந்தால் வலைத்தளம் அப்படிச் சத்தம் போடும். சும்மா திரும்பிப் பார்த்தேன்.

பெட்டி 7. நேரம் 12:05:00. வாயு 0. சிக்னல் -91.

எழுந்து நின்றுவிட்டேன். சாட்சி உயிரோடு இருக்கிறது என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. எங்கே இருந்து வருகிறது என்று பார்த்தேன். மில்லின் வைஃபையிலிருந்து வரவில்லை. என் பட்டறை வைஃபையிலிருந்து வந்திருந்தது.

அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நான் செய்யும் எல்லாப் பெட்டிகளிலும், சோதிப்பதற்காக, என் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் போட்டிருப்பேன். பெட்டி என் தெருவுக்குள் வந்தால் தானாக என் வைஃபையைப் பிடித்துக்கொள்ளும். அப்படியென்றால் யாரோ பெட்டியை என் தெருவுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

சிக்னலின் எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மைனஸில் இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பெட்டி பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தெருவில் எத்தனையோ முறை நடந்து பார்த்திருக்கிறேன். -90 என்றால் தெருமுனைத் தையல்கடை. -70 என்றால் எங்கள் கேட். -50 என்றால் படிக்கட்டின் நடு. -30 என்றால் என் மேசை.

12:06:00. சிக்னல் -89.

ஜன்னலுக்கு ஓடினேன். தையல்கடை பூட்டியிருந்தது. தெருவில் ஆள் இல்லை, வண்டி இல்லை. வெயில் மட்டும். பால் பாக்கெட் பை ஒன்று காற்றில் உருண்டுகொண்டிருந்தது.

12:07:30. சிக்னல் -84.

வந்துகொண்டிருக்கிறான். யாரோ பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறான். எதற்கு? என்னிடம் பேரம் பேசவா? மிரட்டவா? அப்போது எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. 12:09-க்குக் கணேஷ்ராமுக்குப் போன் போட்டேன். எடுத்தார். பின்னால் மில் ஓடும் இரைச்சல் கேட்டது. அவர் மில்லில்தான் இருந்தார்.

"பெட்டிய யார்கிட்ட குடுத்து அனுப்புனீங்க?" என்றேன்.

"எந்தப் பெட்டி?"

"ஏழாம் நம்பர். இப்ப என் தெருவுல வருது."

"வெளையாடாதீங்க மேடம். அந்தப் பெட்டி இனிமே எங்கயும் வராது."

வைத்துவிட்டார். இனிமேல் வராது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதை யோசிக்கும்போதே அடுத்த 'டிங்'.

12:10:30. சிக்னல் -78.

மறுபடி ஜன்னல். வெறும் தெரு. எங்கள் எதிர்வீட்டு நாய் நிழலில் படுத்திருந்தது. அது தலையைத் தூக்கியது. தெருவின் நடுவே எதையோ பார்த்தது. அது பார்க்கும் இடம் மெதுவாக நகர்ந்தது. தையல்கடைப் பக்கமிருந்து... எங்கள் கேட்டை நோக்கி. குரைக்கவில்லை. எழுந்து, வாலை ஒடுக்கிக்கொண்டு, சந்துக்குள் போய்விட்டது.

12:13:00. சிக்னல் -70.

கேட்.

கேட்டில் பூட்டு தொங்கியது. மேலிருந்து நன்றாகவே தெரிந்தது. பூட்டு அசையவில்லை. கேட் திறக்கவில்லை. சுவரில் யாரும் ஏறவில்லை.

12:13:30. சிக்னல் -66.

கேட்டுக்கு உள்ளே.

கதவைத் தாழ் போட்டேன். மேசையிலிருந்த பெரிய திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

12:14:30.

டங்...

இரும்புப் படிக்கட்டில் ஒரு சத்தம். முதல் படி. அதே நொடியில் கணினியில் 'டிங்'. சிக்னல் -61.

அவ்வளவுதான். அடுத்த சத்தம் இல்லை. முப்பது விநாடி அமைதி. ஏறுகிற ஆள் ஒரு படியில் நின்று முப்பது விநாடி காத்திருக்க மாட்டான்.

12:15:00. டங்... சிக்னல் -59.

வரிக்கு ஒரு படி.

முப்பது விநாடிக்கு ஒரு படி.

12:16:30. ஐந்தாம் படி. நாற்றம் வந்தது. அழுகிய முட்டை. அதோடு புளித்த நெல் தண்ணீர் வாடை. எனக்குத் தெரிந்த வாடை. அந்தத் தொட்டியின் பக்கத்தில் நின்ற யாருக்கும் மறக்காத வாடை.

12:18:00. எட்டாம் படி. சிக்னல் -48. கண் எரிந்தது.

"யாருலே அது?" என்று கத்தினேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

12:19:00. டங்...

12:19:30. டங்...

இந்த நேரத்தில் ஓடத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அந்த அறைக்கு ஒரே கதவு. ஓடினாலும் அந்தப் படியில்தான் இறங்க வேண்டும்.

12:20:30. பதின்மூன்றாம் படி. -35.

12:21:00. பதினான்கு. -31.

இனிமேல் படி இல்லை.

கதவுதான்.

12:21:30. சத்தம் இல்லை. -24.

கதவுக்கு அந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. இரும்புத் தகட்டின் மேல். சொட்... சொட்...

தாழை நீக்கினேன். ஏன் நீக்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆத்திரம்தான். வேறு எதுவும் அந்தக் கதவைத் திறந்திருக்காது.

யாரும் இல்லை.

வெயில் முகத்தில் அடித்தது. பதினான்கு படிகளும் காலியாக இருந்தன. கதவருகே தகட்டின் மேல் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஈரம். மஞ்சள் நிறத் தண்ணீர். அதில் இரண்டு மூன்று நெல் உமி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூட்டில் அந்த ஈரம் சுருங்கிச் சுருங்கி... காணாமல் போனது.

எனக்குப் பின்னால், அறைக்குள், 'டிங்'.

12:22:00. சிக்னல் -9.

பெட்டியை வைஃபை ரூட்டரோடு ஒட்ட வைத்தாலும் -20-க்கு மேல் வந்ததில்லை. -9 என்று ஓர் எண்ணை நான் பார்த்ததே இல்லை. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி.

'சேமித்த தரவு வருகிறது. மொத்தம் 34 வரிகள்.'

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வரிகள் முப்பது விநாடிக்கு ஒன்றாக வந்தன. எல்லாவற்றிலும் பதினைந்து நாளுக்கு முந்திய வியாழக்கிழமையின் தேதி. முதல் வரி 12:22:30. வாயு 14. பொத்தான் 0, அதாவது அந்த முப்பது விநாடியில் ஒரு முறையும் அழுத்தவில்லை.

12:23:30. வாயு 60. பொத்தான் 0.

12:24:00. வாயு 95. பொத்தான் 1.

பத்தைத் தாண்டினாலே சைரன் அலறியிருக்க வேண்டும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'சைரன்: நிறுத்தம்' என்று இருந்தது.

12:25:00. பொத்தான் 3.

12:25:30. பொத்தான் 4.

பெட்டிக்குள் சூடு பார்க்க ஒரு சின்ன சென்சார் உண்டு. தொட்டியில் 30 காட்ட வேண்டும். 35 காட்டியது. பெட்டி ஒரு மனிதனின் கைக்குள் இருந்தது. இறுக்கிப் பிடித்த கைக்குள்.

12:28. பொத்தான் 3. 12:30. பொத்தான் 2. இடையில் ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. மறுபடி 1. மறுபடி 1...

இறங்கிய நிமிடமே உயிர் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார்களே.

கடைசி வரி 12:39:00. பொத்தான் 1.

கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தொரு முறை. பதினேழு நிமிடத்துக்குள் நாற்பத்தொரு முறை அழுத்தியிருக்கிறான். மில் முழுக்கக் கேட்கும் என்று நான்தான் அவனிடம் சொன்னேன். ஒரு முறைகூட ஒரு சத்தமும் வரவில்லை. பெட்டி ஊமையாக எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

நான் அழவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. திரையின் மேல் மூலையில் அந்தச் சுவிட்ச் சிவப்பாக இருந்தது. சைரன்: நிறுத்தம்.

தொட்டேன்.

பச்சையானது. சைரன்: இயக்கம். அடியில் ஒரு வரி வந்தது. 'கட்டளையைப் பெட்டி ஏற்றுக்கொண்டது.'

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. சுவர் கடிகாரத்தில் 12:39. பெட்டி 7-க்கு நேராக 'தொடர்பில் இல்லை' என்று வந்தது. அறைக்குள் நாற்றம் போய்விட்டது.

காஜா முகைதீன் 1:20-க்கு வந்தார். படியடியில் நின்று மேலே குரல் கொடுத்தார்.

"என்னம்மா, சாக்கடைக் கொழாய் எங்கயும் ஒடஞ்சிட்டா? கேட்டுல இருந்து படி வரைக்கும் ஒரே நாத்தமா இருக்கு."

குழாய் எதுவும் உடையவில்லை என்று மேலிருந்தே சொன்னேன்.

மறுநாள் முப்பத்து நான்கு வரிகளையும் அச்செடுத்து வக்கீல் நீலாம்பாளிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் சொல்வதை நம்புவதாகவே சொன்னார். ஆனால் கோர்ட்டில் இது நிற்காது என்றார். ஆள் செத்துப் பதினைந்து நாள் கழித்து வந்திருக்கிறது. என் வைஃபையில் வந்திருக்கிறது. என் வலைத்தளத்தில் இருக்கிறது. நானே உட்கார்ந்து எழுதினேன் என்று எதிர்த் தரப்பு ஒரே வார்த்தையில் முடித்துவிடும். உண்மை வந்து என் மேசையில் உட்கார்ந்திருக்கிறது, அதைக் காட்ட வழியில்லை. அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் உடைக்கத் தோன்றியது.

ஒன்பது நாள் கழித்து, காலையில், கேட்டில் ஓர் ஆள் நின்றார். பெயர் மந்திரமூர்த்தி என்றார். மில்லில் வேலை. மேலே கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றார். கீழேயே நின்று பேசினோம். ஒரு மாதம் தூங்காத ஆளின் கண்கள்.

அன்று பெருமாள்ராஜைக் கயிற்றில் இறக்கியது இவர்தான். குடி எல்லாம் பொய் என்றார். இறங்கச் சொன்னதே கணேஷ்ராம். பெருமாள்ராஜ் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். அவன் இறங்கிய உடனேயே லாரிக்கு லோடு ஏற்ற ஆள் பற்றவில்லை என்று கணேஷ்ராம் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். கயிற்றைத் தூணில் கட்டிவிட்டுப் போனார். உள்ளே ஏதாவது ஆனால் சைரன் அடிக்குமே என்று நினைத்துப் போனார். திரும்பி வரும்போது 12:50.

"பெட்டி என்ன ஆச்சு?" என்றேன்.

"நான்தான் மேடம் எடுத்தேன். தண்ணி ஏறி அணைஞ்சு போயிருந்துச்சு. பெருவெரலு பொத்தான் மேல இருந்துச்சு. நீக்கவே முடியல. ரெண்டு கையாலயும் பிரிச்சு எடுத்தேன்."

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கணேஷ்ராம் சொல்லி, அதைச் சம்மட்டியால் அடித்துத் தூளாக்கி, நெல் அவிக்கிற உமி அடுப்புக்குள் போட்டிருக்கிறார். பச்சை நிறத்தில் எரிந்ததாம். மறுநாள் காலை அந்தச் சாம்பலையும் அள்ளிக் கொட்டியாகிவிட்டது.

அதாவது, என் படிக்கட்டில் ஏறி வந்தபோது அந்தப் பெட்டி உலகத்திலேயே இல்லை. பதினைந்து நாளாக இல்லை.

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இதைச் சொல்லத்தான் வந்தீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இல்லை.

"மொதலாளி அனுப்புனாரு. அந்த வெள்ளிக்கெழம நீங்க எதையோ போட்டுட்டீங்களாம். அத நிறுத்தச் சொல்லுதாரு."

"எத?"

"சைரன் அடிக்கி மேடம்."

"எங்க?"

"அடுப்புக்குள்ள."

அந்த வெள்ளிக்கிழமை மதியம் 12:39-க்கு ஆரம்பித்ததாம். கணேஷ்ராம் அடுப்புக்கு எதிரே நின்றிருக்கிறார். எரிகிற நெருப்புக்கு நடுவிலிருந்து சைரன். பதினேழு நிமிடம். அதற்குப் பிறகு தினமும் 12:22-க்குத் தொடங்கி 12:39-க்கு நிற்கிறது. நெருப்பை அணைத்துப் பார்த்தார்கள். அடுப்பையே இடித்துப் பார்த்தார்கள். வெறும் செங்கல். செங்கலுக்குள்ளிருந்து சத்தம். வேலையாட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கணேஷ்ராம் கல்லிடைக்குறிச்சியில் மாமனார் வீட்டில் போய்ப் படுத்தவர் வெளியே வருவதில்லை. மதியமானால் காதில் துணியை அடைத்துக்கொள்கிறாராம்.

நான் இதையெல்லாம் இன்ஸ்பெக்டரிடம் சொல்லச் சொன்னேன். பெட்டியை, கயிற்றை, லாரியை மட்டும். சைரனைச் சொல்ல வேண்டாம். அவர் என்னோடு வந்து சொல்லிக் கையெழுத்தும் போட்டார். கணேஷ்ராமைக் கைது செய்தார்கள். தில்லைநாயகம் ஜாமீனில் வெளியே இருக்கிறார். அடுத்த மாதம் விசாரணை. மில்லைப் பூட்டி, கரண்ட் இணைப்பையும் துண்டித்துவிட்டார்கள்.

போன வாரம் முத்துராணி வீட்டுக்குப் போனேன். சுவிட்சை எழுதியது நான் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழாமல் கேட்டாள். பிறகு எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மில்லுக்குப் போவோம் என்றாள்.

சாலையில் பூட்டிய கேட்டுக்கு வெளியே இரண்டு பேரும் நின்றோம். உள்ளே ஆள் இல்லை. ஒரு விளக்கு இல்லை. கம்பத்திலிருந்து வந்த வயரை அறுத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

12:22.

முதலில் மெதுவாக. பிறகு மில் முழுக்க. பிறகு சாலை முழுக்க.

அந்த வழியாக வந்த டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்டது.

என் கையில் செல்போன் இருந்தது. வலைத்தளம் திறந்திருந்தது. பச்சைச் சுவிட்ச் என் விரலுக்கு அடியில் இருந்தது. நிறுத்தட்டுமா என்று முத்துராணியிடம் கேட்டேன்.

அவள் கேட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கத்தட்டும்க்கா" என்றாள்.